சோறு பிடிக்கும் கை

சிங்காநல்லூரில் சுஷிக் கடை வந்திருக்கிறது என்று சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் கேட்பது, "பச்சையாவா திங்கறாங்க?" என்பதுதான். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் இதையே கேட்கிறார்; பீளமேட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அவருடைய பேரனும் இதையே கேட்கிறான். கேட்கும்போது மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் ஒரு சுருக்கம் விழுகிறது. மீன் சமாசாரத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். அந்தக் கடையில் என்னை யோசிக்க வைத்தது வேறு.

பச்சை மீனுக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கடல் மீனின் சதைக்குள் அனிசாகிஸ் என்கிற புழு ஒளிந்திருக்கலாம். அதனால் பச்சையாகத் தின்னப்போகும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும், இல்லையென்றால் மைனஸ் 35 டிகிரியில் கட்டியாக உறையவிட்டு 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. பசிபிக் சால்மனில் இந்தப் புழு அதிகம் என்பதால் ஜப்பானியர்களே முன்பெல்லாம் சால்மனைப் பச்சையாகத் தொடமாட்டார்கள். உப்பில் போட்டோ சுட்டோதான் தின்றார்கள். பண்ணையில் வளர்த்த சால்மன் நார்வேயில் விற்காமல் தேங்கத் தொடங்கிய 1980களின் நடுவில், அந்த நாடு ஆள் அனுப்பி, விளம்பரம் செய்து, வருஷக்கணக்கில் மெனக்கெட்டு அதை ஜப்பானியர்களின் சுஷிக்குள் ஏற்றியது. என் அண்ணன் மகள் "ஒரிஜினல் ஜப்பான் ஐட்டம், சித்தப்பா" என்று படம் பிடித்துப் போட்ட அந்த ஆரஞ்சு நிறத் துண்டு, 1968இல் தொடங்கிய அன்னபூர்ணாவின் சாம்பாரைவிட வயதில் இளையது.

கோவைக்குக் கடல் கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளக் கரையிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏறி உக்கடம் மார்க்கெட்டுக்கு வந்து சேர்வதுதான் நமக்குக் கடல் மீன். அதற்கு முந்தைய தலைமுறைக்கு மீன் என்றால் சந்தையில் வாங்கும் கருவாடும், நொய்யல் நிரப்பிய குளங்களில் பிடித்த மீனும். சிங்காநல்லூர் குளக்கரையில் ஜிலேபியும் கட்லாவும் வாங்கியவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணை அமுக்கிப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள். இந்தக் கடையில் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. மீனின் ஜாதகம் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் இருக்கிறது. ஒரு வகையில் சிங்காநல்லூரில் இதுவரை யாரும் தின்ற மீனைவிட அதிகம் விசாரிக்கப்பட்ட மீன் இது. ரொம்பப் பயமாக இருப்பவர்களுக்கு மெனுவின் பாதிப் பக்கம் வெள்ளரிக்காயும் அவகாடோவும் பன்னீரும் இருக்கின்றன. பன்னீர் சுஷியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுத வேண்டாம்.

அண்ணன் மகள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது பெரியம்மாவும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், இருகூர்க்காரர். கறி மீன் எல்லாம் தின்பவர்தான். கவுண்டருக்கு முன்னால் இருந்த உயரமான ஸ்டூலில் அவரை உட்கார வைப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டோம். (கொங்கு நாட்டில் 'கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்தோம்' என்று எழுதினால் விளக்கம் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்வது மரப் பலகையை.) பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பையன், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நின்றான்.

அவன் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வலது கையை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்தான். அதில் வினிகர் கலந்திருந்தது, வாசனை வந்தது. உள்ளங்கைகளை ஒருமுறை தட்டி ஈரத்தை உதறினான். மரத்தொட்டியின் மேல் போர்த்தியிருந்த ஈரத்துணியை விலக்கி ஒரு கட்டைவிரல் அளவுச் சோற்றை அள்ளினான். அள்ளிய கைக்குள்ளேயே அது உருண்டது. இடது கை விரல்களின் மேல் மீன் துண்டு. வலது கையில் சோற்றுருண்டை இருக்கும்போதே ஆட்காட்டி விரலால் பச்சை விழுதைத் தொட்டு மீனில் தடவினான். சோற்றை மீன்மேல் வைத்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. திருப்பினான். இரண்டு விரலால் மேலே ஒரு அழுத்து, பக்கத்தில் ஒரு அழுத்து, மறுபடி திருப்பி ஒரு அழுத்து. பிடிகொழுக்கட்டையில் விரல் தடம் விழுமே, அதுபோல ஒரு தடம் விழுந்து, மீன் அதை மூடிக்கொண்டது. எல்லாம் முடிய நாலைந்து நொடிதான் ஆகியிருக்கும். கையில் உறை இல்லை. தட்டில் வைத்துத் தள்ளிவிட்டு, "உடனே சாப்பிடுங்க அண்ணா, சோறு ஆறிடும்" என்றான்.

பெரியம்மா மீனைப் பார்க்கவே இல்லை. "வெறுங்கையிலயே புடிக்கறான் கண்ணு," என்றார் என்னிடம், மெதுவாக. அருவருப்பாகச் சொன்ன மாதிரி இல்லை. வயலில் நல்ல உழவைப் பார்த்துச் சொல்வதுபோலவும் இருந்தது, எதையோ குறித்து வைத்துக்கொள்வதுபோலவும் இருந்தது. எல்லோரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கடையில் அவருக்கு மட்டும் பார்க்க வேண்டியது எதுவென்று தெரிந்திருந்தது.

சுஷி என்றால் சோறு. மீன் இல்லாமலும் சுஷி உண்டு. புளிப்பேற்றிய சோறு இல்லாமல் கிடையாது. ஆனால் அதன் ஆதி கதையில் சோறு தூக்கி எறியப்பட்ட பொருள். நன்னீர் மீனை உப்பிட்டு, வெந்த சோற்றுக்குள் புதைத்து, மேலே கல்லை ஏற்றி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். பிறகு சோற்றை வழித்துப் போட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பிவா ஏரிப் பக்கம் ஃபுனாசுஷி என்ற பெயரில் இன்றும் இதைச் செய்கிறார்கள். தென்கிழக்காசியாவின் நெல்வயல் நாடுகளிலிருந்து இந்த வழக்கம் ஜப்பானுக்குப் போயிருக்க வேண்டும் என்பது இஷிகே நவோமிச்சி போன்ற உணவு ஆய்வாளர்களின் கருத்து. மனிதருக்குப் பொறுமை குறையக் குறையச் சோற்றுக்கு மதிப்பு கூடியது. புளிக்கும்வரை காத்திருக்காமல் வினிகரை ஊற்றிப் புளிப்பாக்கினார்கள். 1820களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், ஹனாயா யோஹேய் என்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிகிரி வந்தது. கூலிக்காரர்களும் கைவினைஞர்களும் தெருவோரக் கடையில் நின்றபடி கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போன தீனி அது. அன்றைய உருண்டை இன்றையதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிது. இரண்டு தின்றால் அரை வயிறு நிறைந்திருக்கும்.

போரில் தோற்ற பிறகு ஜப்பானில் அரிசிக்குப் பஞ்சம் வந்து, 1947இல் உணவகங்களை மூடச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. தோக்கியோ சுஷிக்காரர்கள் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாங்கள் சாப்பாடு விற்கவில்லை, நீங்கள் கொண்டுவரும் அரிசியைக் கூலிக்குச் சுஷியாக்கித் தருகிறோம் என்றார்கள். ஒரு கோ அரிசி, நம் கணக்கில் சுமார் 150 கிராம், கொண்டுபோனால் 10 துண்டு கிடைக்கும். இன்று உலகம் முழுக்கத் தட்டில் வரும் அளவு பெரும்பாலும் அந்தப் பஞ்சகாலத்துக் கணக்கிலிருந்து வந்தது. சிங்காநல்லூரில் ஒரு ஜோடித் துண்டுக்கு வாங்கும் விலையைப் பார்த்தால் பஞ்சம் இன்னும் தீரவில்லை போலத்தான் தோன்றுகிறது.

நம் பக்கத்துச் சோற்றின் கதையும் சுலபமானதில்லை. கொங்கு மேட்டுக்காட்டு பூமி. கம்பு, சோளம், ராகி, சாமை என்று தின்று வளர்ந்த சனம். குளத்துப் பாசனமும் வாய்க்கால் பாசனமும் இருந்த இடத்தில் நெல் விளைந்தது; மற்றவர்களுக்கு நெல்லுச் சோறு நோம்பிக்கு, கல்யாணத்துக்கு, காய்ச்சல் வந்து படுத்தவனுக்கு. பெரியம்மாவின் பேச்சில் இன்னமும் 'சோறு' என்றால் எந்தச் சோறு என்று ஒரு முன்னொட்டு வரும். நெல் அதிகம் இல்லாத இந்த ஊரில்தான் 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே உருவாகி 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்ற சன்ன ரகம் தென்னிந்திய நெல் ரகங்கள் பலவற்றுக்குப் பாட்டன். அதை ஜப்பானிய நோரின் 10 நெல்லோடு கலந்து 1965இல் ஆடுதுறையில் வெளியிட்டார்கள். தஞ்சை விவசாயிகள் குறுவைக்கு விதைத்த ஏ.டி.டி. 27 அதுதான்.

அதோடு நிற்கவில்லை. தைவான் ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தபோது, அங்கே ஜப்பானிய நெற்களைக் கலந்து தைச்சுங் 65 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அது மலேயாவின் மாயாங் எபோஸ் நெல்லோடு சேர்ந்து மசூரி ஆனது. மசூரி தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆனது. வெள்ளைப் பொன்னி என்று 1986இல் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது இந்த வழியில் வந்த நெல். 'ஆந்திரா பொன்னி' என்று மூட்டையில் எழுதி விற்கும் பிபிடி 5204இன் பெற்றோர் பட்டியலில் மசூரியும் உண்டு, நம் ஜி.இ.பி. 24ம் உண்டு. ஒண்டிப்புதூர் மளிகைக் கடையில் 26 கிலோ சிப்பம் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர், கொஞ்சம் ஜப்பானையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு கண்ட ஓனோ சுசுமுவின் பக்கம் நான் போகப்போவதில்லை, அந்தச் சண்டை மொழியியலாளர்களுக்கு. நெல்லின் உறவுக்குப் பதிவேடு இருக்கிறது.

ஆக, அரிசி அந்நியமில்லை. மீனுக்கு ஐஸும் தாளும் இருக்கின்றன. அப்புறம் இங்கே புதிதாக இருப்பது என்ன? முன்பின் தெரியாத ஒருவன், வெந்த சோற்றை, வெறுங்கையால் பிடித்து, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தருகிறான். அவர் அதை அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறார். இந்த மண்ணில் அது எத்தனை பெரிய காரியம் என்று சுஷி தின்ன வந்த பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமில்லை.

சாதி போட்ட சாப்பாட்டு விதியில் பச்சைக்குத் தீட்டு கிடையாது. நாற்று நட்ட கை, களை பிடுங்கிய கை, கதிர் அறுத்த கை, களத்தில் தூற்றி மூட்டை கட்டிய கை எல்லாம் யாருடையது என்று ஊருக்கே தெரியும். அதுவரை ஒன்றும் இல்லை. அந்த அரிசியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிய பிறகு அதே கை தொட்டால் தீட்டு. காய், கீரை, தானியம், ஆட்டுக்குட்டி எல்லாம் கீழிருந்து மேலே போகும். வெந்த சோறு மேலிருந்து கீழேதான் வரும், அதுவும் பழையதாகி. பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி எழுதிய கொங்குச் சமூக ஆய்வு 1972இல் புத்தகமாக வந்தது. யார் வீட்டுச் சோற்றை யார் உண்பார், பந்தியில் யார் எங்கே உட்காருவார் என்பதெல்லாம் அவருக்குச் சமூகத்தையே படிப்பதற்கான வரைபடம். நம் ஊர்க்காரருக்கு அது மனப்பாடம். எழுதி வைக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

தமிழ்நாட்டு ஓட்டல்களின் வரலாற்றைச் சமையல்காரரின் கையை வைத்தே எழுதிவிடலாம். காசு கொடுத்தால் யாரும் உண்ணலாம் என்று கடை திறந்தபோது, யார் கை சமைத்தால் எல்லாரும் உண்பார்கள் என்ற கேள்வி வந்தது. பிராமணச் சமையல்காரர் அதற்கு விடையானார். 'பிராமணாள்' என்று பலகையில் எழுதுவது ருசிக்கு உத்தரவாதம் என்று சொல்லிக்கொண்டார்கள். உள்ளே இருந்தது கைக்கு உத்தரவாதம். சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி போட்டதற்கு 1924, 25இல் தமிழகமே இரண்டுபட்டது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் தனித்தனிச் சாப்பாட்டு அறைகள் 1941இல்தான் ஒழிந்தன. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் கைதானது ஒரு சொல்லைப் பலகையிலிருந்து அழிக்கச் சொல்லித்தான். இதற்கெல்லாம் பிறகும் நம் மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நாம் அறிவோம். இதெல்லாம் பழைய கதை என்று சொல்பவர்களுக்கு 2018 ஜூலையை நினைவுபடுத்தலாம். அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண்ணை மாற்றியபோது, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள். அவரை வேறு இடத்துக்கு மாற்றும் அளவுக்கு அது போனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே வழக்குப் பதிவாகி, மாற்றலும் ரத்தானது. முட்டைக்கு யாரும் பயப்படவில்லை. காய்க்கும் பயப்படவில்லை. வெந்த சோற்றைக் கண்டுதான் பயந்தார்கள். அந்தப் பள்ளி சிங்காநல்லூரிலிருந்து ஒரு சினிமா பார்க்கும் நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம்.

அதனால்தான் சுஷிக் கடையில் கேட்கும் "பச்சையாவா?" எனக்கு விசித்திரமாகப் படுகிறது. இவர்களுடைய பாட்டன் பாட்டி இருந்திருந்தால் பச்சை மீனைப் பற்றி அதிகம் அலட்டியிருக்கமாட்டார்கள்; வேண்டாம் என்று தள்ளி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். "இந்தச் சோத்தை ஆருங் புடிச்சது?" என்று கேட்டிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் பயத்தை மீனுக்கு மாற்றிவிட்டு, சோற்றை விசாரிக்காமல் விழுங்குகிறார்கள். இதை ஒரு வெற்றியாகச் சொல்லலாமா என்றுதான் அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பானில் மட்டும் கை வெறும் கையாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். பெண்ணின் கை சூடு, அது சோற்றையும் மீனையும் கெடுத்துவிடும் என்பது அங்கே நெடுங்காலம் சொல்லப்பட்ட நியாயம். உலகப் புகழ்பெற்ற சுஷிச் சமையலாளர் ஜிரோவின் மகன் யோஷிகாசு ஓனோ, 2011இல் ஓர் அமெரிக்க நாளிதழிடம், மாதவிடாய் இருப்பதால் பெண்களின் சுவையுணர்வு நிலையாக இருக்காது, எனவே அவர்கள் சுஷிச் சமையலாளர் ஆக முடியாது என்ற பொருள்படச் சொன்னார். வாசித்தபோது எனக்கு ஜப்பான் மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது. தோக்கியோ அகிஹாபராவில் பெண்களே நடத்தும் நாதெஷிகோ என்ற கடை 2010இல் தொடங்கியது இந்தப் பேச்சுக்கு நடுவில்தான். தோல் பதனிட்டவர்களையும் கறி அறுத்தவர்களையும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்த தேசம் அது. 1871இல் அரசாணை போட்டு அந்த இழிநிலையை ஒழித்ததாக அறிவித்தார்கள். ஒழியாததால்தான் 1922இல் கியோத்தோவில் அந்த மக்கள் சூய்ஹேய்ஷா என்ற அமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வேறு மாதிரி. கலிபோர்னியா 2014 ஜனவரியில் சட்டம் கொண்டுவந்து, அப்படியே உண்ணத் தயாராக இருக்கும் உணவை வெறுங்கையால் தொடக் கூடாது, உறை மாட்டு என்றது. சுஷிக்காரர்களும் மதுக்கூடத்துக்காரர்களும் கூச்சல் போட்டதில் அந்த வருஷ நடுவிலேயே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். உறை போட்டால் சோற்றின் சூடு கைக்குத் தெரியாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது என்பது அவர்கள் வாதம். சரியான வாதம் என்றே நினைக்கிறேன். கிருமிக்கு உறை நல்லதுதான். ஆனால் நம் ஊரில் ஒருவன் உறை கேட்கும்போது அவன் கிருமிக்காகத்தான் கேட்கிறான் என்று என்னால் உடனே நம்ப முடிவதில்லை.

பெரியம்மா பையனிடம் பேச்சுக் கொடுத்தார். கொங்கில் பேச்சு எப்படித் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "தம்பி எந்த ஊருங்?" அதற்குப் பதில் வந்தால், "அங்க எந்தப் பக்கமுங்?" அதற்கும் வந்தால், இன்னாரைத் தெரியுமா, உங்களுக்குக் கோயில் எது, எந்தக் கூட்டம். நாலாவது கேள்விக்குள் ஆளை எங்கே உட்கார வைப்பது என்று முடிவாகிவிடும். குரலில் மரியாதை ஒரு துளிகூடக் குறையாது. பையன் "மணிப்பூர், பாட்டி" என்றான். பெரியம்மா இரண்டாவது கேள்விக்கு வாயெடுத்தார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மணிப்பூரில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது? "அங்கெல்லாம் சோறுங்களா, சப்பாத்திங்களா?" என்று மட்டும் கேட்டார். சோறுதான், மூன்று வேளையும், என்றான் அவன். அவருக்குத் திருப்தி. அடுத்து வந்த துண்டைக் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மீன் வழுவழுவென்று இருப்பதாகச் சொன்னார், சோறு நன்றாகப் புளித்திருப்பதாகச் சொன்னார்.

அவனிடம் நான் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். ஙாரி என்று ஒன்றைச் சொல்லும்போது முகம் மாறியது. சின்னச் சின்ன நன்னீர் மீனைக் காயவைத்து, மண்பானையில் இறுக்கித் திணித்து, வாயை மூடி மாதக்கணக்கில் புளிக்கவிட்டுச் செய்வது. வேகவைத்த காய்களோடு அதைச் சேர்த்து மசித்தால் எரோம்பா. சுஷியின் ஆதி கதைக்கு, பிவா ஏரிக்கு, தோக்கியோவைவிட அவன் அம்மாவின் சமையலறை பக்கம். ஆனால் அவனை இங்கே நிறுத்தியிருப்பது அதற்காக இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் மோமோ, நூடுல்ஸ், சுஷி விற்கும் கடைகளில் வடகிழக்குப் பிள்ளைகள் நிற்பதற்கு அவர்களுடைய முகமும் ஒரு காரணம். வாடிக்கையாளருக்கு அந்த முகம் ஜப்பானாகிவிடுகிறது. தெருவில் இறங்கினால் அதே முகம் 'சீனாக்காரன்' ஆகி, கிண்டலாகி, வாடகை வீடு கிடைக்காமல் போகிறது. 2012 ஆகஸ்டில் வதந்தி ஒன்றைக் கேட்டு ஆயிரக்கணக்கில் வடகிழக்கு மக்கள் பெங்களூரிலிருந்து ரயிலேறி ஓடியதை நாம் மறந்தாலும் அவர்கள் மறக்க முடியாது. இந்தப் பையனுக்கு அறை கிடைத்திருக்கிறது. அறையில் ஙாரி சமைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். எதிர் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுக்கும் வாசனை தினமும் வருமாம்.

ஆக, இந்தக் கையை நாம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் நம் தராசு உடைந்துவிட்டது என்பதல்ல. இவனை எடை போட அதில் கல் இல்லை, அவ்வளவுதான். ஊர் பேர் தெரியாத தூரம் அவனுடைய கையைச் சுத்தமாக்கிவிட்டது. சூலூருக்கு அந்தப் பக்கம் ஏதாவதொரு காலனியிலிருந்து ஒரு பையன் இதே வேலையைக் கற்றுக்கொண்டு, இதே துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? முதல் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கும். இரண்டாவதுக்கும் இருக்கும்.

பில் வரும்போது முதலாளி வந்து பேசினார். இந்தப் பக்கத்துக்காரர்தான், கொஞ்ச காலம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர். சோறு நன்றாக இருந்தது என்று பெரியம்மா சொன்னதில் அவருக்கு அளவில்லாத சந்தோஷம். சுஷியில் முக்கால்வாசி சோறுதான் என்று தொடங்கினார். குட்டை அரிசியை எத்தனை தண்ணியில் கழுவ வேண்டும், வெந்த சூட்டிலேயே வினிகரும் சர்க்கரையும் உப்பும் ஊற்றி மரத்தொட்டியில் கிண்டாமல் வெட்டி வெட்டிக் கலக்க வேண்டும், விசிறியால் விசிற வேண்டும், உடம்புச் சூட்டுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கே பசித்தது. அந்தப் பையன் இவ்வளவும் செய்கிறானா என்று கேட்டேன்.

"அவன் புடிக்கறது மட்டும்தானுங். சோறு உள்ள நம்ம அக்கா ஒருத்தங்க ஆக்கறாங்க. பக்கத்துக் காலனில இருந்து வர்றாங்க, காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். கை அப்படி ஒரு கைங்க. இவன் லீவு போட்டா அவங்களே உள்ள நின்னு புடிச்சும் குடுத்துருவாங்க, பார்த்தா வித்தியாசம் தெரியாது."

அப்படியானால் அவரையே இங்கே முன்னால் நிறுத்தலாமே என்றேன்.

"நிறுத்தலாமுங்," என்றார். பெரியம்மா கை கழுவப் போயிருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வர்றவங்க எந்த ஊருங்க்கான்னு கேப்பாங்களே."